மூன்று கால் தடமும் மூன்றாவது சாவியும்

நகரத்துக்கு மூச்சு முட்டுகிறது என்று நகரசபை ஒரு திங்கட்கிழமை கண்டுபிடித்தது. அதுவரை நகரம் தனக்குத் தெரிந்த மட்டும் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆனால் பதினோரு பக்க அறிக்கை ஒன்று முட்டுகிறது என்று சொன்ன பிறகு, முட்டவில்லை என்று சொல்ல யாருக்கு மூச்சு இருக்கிறது? ஆகவே சமுதாயப் பூங்கா ஒன்று அமைக்கும் பொருட்டுத் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. இடத்துக்கும் அலைய வேண்டியிருக்கவில்லை. பின்சந்துக்கும் ஆஸ்பத்திரித் தெருவுக்கும் நடுவில் வெறும் மைதானம் ஒன்று கிடந்தது.

வெறும் மைதானம் என்று சொன்னது நகரசபை. பின்சந்தில் குடியிருந்த பூட்டுக்காரரைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லியிருப்பார். அதன் குறுக்கே ஓர் ஒற்றையடிப் பாதை போயிற்று. முப்பது வருஷமாகச் சந்துக்காரர்கள் நடந்து நடந்து, புல்லே அலுத்துப்போய் ஒதுங்கி வழி விட்டிருந்தது. அதை யாரும் திறந்து வைக்கவில்லை. கல்வெட்டு கிடையாது. ஆனால் மழைக்காலத்திலும் வழுக்காது.

அந்தப் பாதை இப்போது பூட்டுக்காரருக்கு முன்னைவிட முக்கியமாகியிருந்தது. அவர் மனைவிக்கு வலது முட்டியில் ஆபரேஷன் ஆகி ஒரு மாதம். டாக்டரம்மா கறாராகச் சொல்லியிருந்தார். வாரம் மூன்று நாள் காலையில் பயிற்சிக்கு வர வேண்டும். நடந்தே வர வேண்டும். சமதரையில் மட்டும் நடக்க வேண்டும். ஆட்டோவில் காலை மடக்கி உட்காரக் கூடாது. படி ஏறுவது என்ற பேச்சே கூடாது. மைதானத்தின் குறுக்கே போனால், கைத்தடி ஊன்றிப் போனாலும் பத்து நிமிஷம். மைதானம் இல்லையென்றால் வாய்க்கால் மேல் இருக்கிற இரும்புப் பாலம்: ஏற நாற்பத்திரண்டு படி, இறங்க நாற்பத்திரண்டு படி. பெரிய ரோட்டைச் சுற்றினால் சைக்கிளுக்கே பத்து நிமிஷம். கைத்தடிக்கு அரை நாள்.

இந்த நிலையில்தான் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. மேடையில் பூங்கா அதிகாரி இருந்தார். பக்கத்தில் அவர் கூட்டி வந்த நிபுணர், கண்ணாடியை நெற்றியில் மாட்டிக்கொண்டு நின்றார். கண்ணுக்கு மாட்டினால் எதிரில் இருப்பது தெரிந்துவிடும் என்று பயமோ என்னவோ. உலகத்தில் இப்போது யாரும் பூங்காவுக்குப் பாதை வரைவதில்லை என்று அவர் சொன்னார். பாதையைப் பேனா வரையக் கூடாது, கால்கள் வரைய வேண்டும். மக்கள் எங்கே நடக்க விரும்புகிறார்கள் என்று தரையைப் பார்த்துத் தெரிந்துகொண்டு, அங்கே கல் பதிக்க வேண்டும். அதுதான் நவீன முறை.

பூட்டுக்காரருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. படித்தவன் வாயிலிருந்து இப்படி ஒரு நியாயம் வருமென்று அவர் நினைக்கவே இல்லை. எழுந்து நின்றார்.

"அய்யா, அப்ப எங்க பாதை அப்படியே இருக்கும்ல?"

"எந்தப் பாதை?"

"மைதானத்துல ஏற்கெனவே போட்டு வச்சிருக்கோமே. காலாலதான் போட்டோம்."

நிபுணர் பரிவோடு சிரித்தார். "அது பாதை இல்ல பெரியவரே, பழக்கம். பழக்கத்தை வச்சுத் திட்டம் போட முடியாது. விருப்பம் வேணும்."

"என் விருப்பத்தை இப்பவே சொல்லிடறேனே."

"நீங்க சொன்னா அது கருத்து. கால் சொன்னாத்தான் விருப்பம்."

கூட்டம் கை தட்டியது. பூட்டுக்காரரும் தட்டினார். பக்கத்தில் எல்லாரும் தட்டும்போது ஒருவர் மட்டும் சும்மா இருந்தால் நன்றாக இருக்காது.

அடுத்த வாரம் டிராக்டர் வந்தது. மைதானத்தை உழுது, சமன் செய்து, மேலே மாவு போல மணல் தூவினார்கள். ஒற்றையடிப் பாதை போன இடம் தெரியவில்லை. 'முன் பழக்கங்கள் நீக்கப்பட்டன' என்று குறிப்பேட்டில் ஏறியது. பிறகு நாலு பக்கமும் தகரம் அடைத்து, சந்துப் பக்கம் ஒரு வாசலும் ஆஸ்பத்திரிப் பக்கம் ஒரு வாசலும் வைத்து, பெரிய பலகை ஒன்று மாட்டினார்கள். 'மக்களின் விருப்பப் பாதை குறித்த ஆய்வு நடைபெறுகிறது. மக்கள் உள்ளே வரக் கூடாது.'

பூட்டுக்காரர் அந்தப் பலகையை மூன்று தடவை படித்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்தான், ஆனாலும் தப்பாகப் படித்துவிடவில்லை. அதிகாரியிடமே போய்க் கேட்டார், மக்கள் வராமல் மக்களின் விருப்பம் எப்படித் தெரியும் என்று. போன தடவை வேறொரு இடத்தில் மக்களை விட்டு, அவர்கள் கண்ட இடத்தில் நடந்து ஆய்வையே பாழாக்கிவிட்டார்களாம். "அவங்க பாட்டுக்கு அவங்க இஷ்டத்துக்கு நடக்கறாங்க," என்று அதிகாரி வருத்தப்பட்டார். பூட்டுக்காரர் தன் மனைவியை மட்டும் குறுக்கே போக விடும்படி ஒரு மனு எழுதிக் கொடுத்தார். மனு பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

அந்த இரண்டு வாசலுக்கும் பூட்டுப் போட நகரசபை யாரைக் கூப்பிட்டது? நம் பூட்டுக்காரரைத்தான். ஆத்திரத்தோடுதான் போனார். ஆனால் ஆத்திரத்திலும் மட்டமான பூட்டுப் போட அவர் கைக்குத் தெரியாது. இரண்டு வாசலுக்கும் ஒரே சாவி, வெளியிலிருந்து மட்டும் பூட்டித் திறக்கிற மாதிரி, கடப்பாரைக்கும் அசையாத பூட்டு. பதிவேட்டில் எழுதிக்கொண்டார்கள்: சாவி இரண்டு. ஒன்று அதிகாரியிடம், ஒன்று நிலம் அளப்பவரிடம்.

நாற்பது வருஷத் தொழிலில் அவர் அடுத்தவர் பூட்டுக்குத் தனக்கென்று ஒரு சாவி அறுத்ததில்லை. சந்தேகப்பட்டுக் கேட்ட ஒரு மளிகைக் கடைக்காரரோடு அவர் பதினெட்டு வருஷம் பேசவில்லை. அப்பேர்ப்பட்டவர் அன்று மத்தியானம் பட்டறையில் உட்கார்ந்து அரத்தை எடுத்து ராவ ஆரம்பித்தார். மனைவி கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து பார்த்தாள்.

"யார் வீட்டுச் சாவிங்க அது?"

"உன் முட்டியோட சாவி."

அவள் பக்கத்தில் கிடந்த அரப்பொடியை ஊதிவிட்டாள். அவளுக்கும் முந்தின நாள் படி ஏறிப் பார்த்த வலி இருந்தது.

அதற்குப் பிறகு திங்கள், புதன், வெள்ளி காலை ஆறரை மணிக்கு, ஆய்வுக்காரர்கள் பல் விளக்குவதற்கு முன், பூட்டுக்காரர் சந்துப் பக்க வாசலைத் திறப்பார். மனைவி உள்ளே போவாள். பூட்டு வெளியே இருப்பதால் அவர் வெளியே நின்று பூட்டிவிட்டு, சைக்கிளை மிதித்துப் பெரிய ரோட்டைச் சுற்றி ஆஸ்பத்திரிப் பக்கம் போய் அந்த வாசலைத் திறப்பார். இவரும் பத்து நிமிஷம், அவளும் பத்து நிமிஷம். திரும்பும்போது ஆய்வுக்காரர்கள் வந்துவிடுவார்கள் என்பதால், நர்ஸ் ஒருத்தி வீட்டுக்குப் போகிற வழியில் அவளைக் காலை நீட்டிப் படுக்க வைத்துத் தன் மாமாவின் சாமான் வண்டியில் கொண்டுவந்து விட்டாள். விடிகாலையில் அந்த மாமாவுக்கு வேறு சவாரி. எல்லாம் ஒழுங்காக நடந்தது.

ஆய்வும் ஒழுங்காகத்தான் நடந்தது. ஜீப் உள்ளே வந்து நிற்கும். இறங்கியவர்கள் கூடாரத்துக்கு நடப்பார்கள். கூடாரத்தில் உட்கார்ந்து, மணலில் கால்தடம் விழுகிறதா என்று பார்ப்பார்கள். பதினோரு மணிக்கு ஓரத்துத் தகரத்தை நீக்கி டீக்கடைக்குப் போவார்கள். டீ குடித்தால் ஒன்று இருக்கிறதே, அதற்கு மேற்குச் சுவரோரம் போவார்கள். மூன்று மாதத்தில் மணலில் மூன்று தடங்கள் அழுத்தமாக விழுந்தன: ஜீப்பிலிருந்து கூடாரம், கூடாரத்திலிருந்து டீக்கடை, டீக்கடையிலிருந்து சுவர். மக்களின் விருப்பம் இவ்வளவு தெளிவாக வேறெங்கும் வெளிப்பட்டதில்லை என்று நிபுணர் எழுதினார்.

நாலாவதாக ஒரு தடம் இருந்தது. அதுதான் அவரைத் தூங்கவிடவில்லை. சந்து வாசலிலிருந்து ஆஸ்பத்திரி வாசல் வரை நேராகப் போயிற்று. முதலில் ஒரு முழுத் தடம், அப்புறம் இழுத்துக்கொண்டு போன ஒரு தடம், பக்கத்தில் வட்டமாக ஒரு குழி. திரும்பவும் முழுசு, இழுவை, குழி.

நிலம் அளப்பவர் குனிந்து பார்த்தார். அவர் பெரிய படிப்புப் படிக்காதவர். அதனால் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"சார், இது செருப்பு மாதிரி இருக்கு. யாரோ நொண்டிக்கிட்டு, கம்பு ஊனி..."

அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார். "வாசல் பூட்டியிருந்துச்சா?"

"பூட்டியிருந்துச்சு சார்."

"சாவி எத்தனை?"

"ரெண்டு. ஒண்ணு உங்ககிட்ட, ஒண்ணு என்கிட்ட."

"நான் வந்தேனா?"

"இல்ல சார்."

"நீ வந்தியா?"

"சத்தியமா இல்ல சார்."

"அப்ப மனுஷன் வரல. மனுஷன் வரலன்னா இது மனுஷன் தடம் இல்ல. என்ன?"

நிலம் அளப்பவர் யோசித்தார். கணக்கில் தப்பு இல்லை. "முயலா இருக்குமோ சார்? அதுக்குத்தான் மூணு காலுன்னு சொல்லுவாங்க."

நிபுணர் தலையை ஆட்டினார். "அது பிடிச்சவங்களுக்கு. நாம இன்னும் பிடிக்கலையே."

உடனே 'அடையாளம் தெரியாத மூன்று கால் உயிரினம் குறித்த துணைக்குழு' அமைந்தது. தடங்களைச் சுண்ணாம்பில் வார்த்து, அந்த அச்சிலிருந்து குழி குழியாகவே நகல் எடுத்தார்கள். வலது பின்னங்கால் சற்றுப் பலவீனம், நடுக்கால் மெலிந்து உருண்டை, குணம் சாது, வாரம் மூன்று நாள் மட்டும் நடமாடும், சனி ஞாயிறு ஓய்வு. இவ்வளவும் மணலைப் பார்த்தே கண்டுபிடித்தார்கள். நேரில் பார்த்த சாட்சி ஒருவர் தேவைப்பட்டார். சந்துத் தையற்காரர் முன்வந்தார். உயரம், கழுத்து நீளம், அவரைக் கண்டதும் அது தலையைக் குனிந்துகொண்டது, ரொம்ப வெட்கப்படுகிற பிராணி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். 

இதைப் பூட்டுக்காரர் மனைவியிடம் சொன்னபோது அவள் முட்டி வலிக்கிற வரைக்கும் சிரித்தாள்.

சிரிப்பு ஒரு வாரம்தான். பிராணியைப் பாதுகாக்க நகரசபை இரண்டு வாசலிலும் காவல் போட்டது. தடத்தின் இருபுறமும் வேலி எழுப்பி, 'மூன்று கால் உயிரினத்தின் வழித்தடம். மனிதர் நுழைந்தால் தண்டனை' என்று பலகை வைத்தது. அந்தத் திங்கட்கிழமை காலை பூட்டுக்காரரும் மனைவியும் சந்து மூலையில் நின்று காவல்காரனைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அவள் இரும்புப் பாலத்துக்குப் போனாள். ஒன்பது படி ஏறி, பத்தாவது படியில் உட்கார்ந்துவிட்டாள். முட்டி தேங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. பூட்டுக்காரர் அவளைக் கைத்தாங்கலாக வீட்டில் கொண்டுவந்து படுக்க வைத்துவிட்டு, கைத்தடியைத் தூக்கிக்கொண்டு நேரே நகரசபைக்குப் போனார். உள்ளதைச் சொல்லிவிடுவது, நடக்கிறது நடக்கட்டும்.

அதிகாரியின் மேஜை மேல் சுண்ணாம்புத் தடம் ஒன்று காகிதம் பறக்காமல் இருப்பதற்காக வைக்கப்பட்டிருந்தது. பூட்டுக்காரர் கைத்தடியின் நுனியை அந்தக் குழிக்குள் வைத்துக் காட்டினார். உறையில் கத்தி போலப் பொருந்தியது. எல்லாவற்றையும் சொன்னார், சாவி உட்பட.

அதிகாரி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"உக்காருங்க பெரியவரே. தண்ணி குடிங்க. இப்ப நீங்க சொன்னது என் காதுல விழல."

"திரும்பச் சொல்றேன்."

"வேணாம். திரும்பவும் விழாது." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "யோசிச்சுப் பாருங்க. அது பிராணின்னா, அதைத் தடுக்க எனக்கே அதிகாரம் இல்ல. ஆனா அது மனுஷின்னு வைங்க, பூட்டை யார் திறந்தாங்கன்னு கேள்வி வரும். ரெஜிஸ்டர்ல ரெண்டு சாவிதான் இருக்கு."

பூட்டுக்காரரின் சட்டைப் பையில் இருந்த சாவி அப்போது ஒரு கடப்பாரை கனம் கனத்தது.

"அப்ப என் வீட்டுக்காரி?"

"அவங்களை யாருங்க தடுக்கப் போறா? அவங்கன்னு ஒருத்தங்களே அங்க வரலையே."

அன்றே காவல்காரர்களுக்குச் சுற்றறிக்கை போயிற்று. உயிரினம் வரும் ஓசை கேட்டால், அதன் வெட்க சுபாவத்தைக் கருதி, அனைவரும் முதுகைத் திருப்பிக்கொள்ள வேண்டும். அது கடந்து போன பிறகே திரும்ப வேண்டும். காவல்காரர்களிடம் சாவி தரப்படவில்லை. பதிவேட்டில் இரண்டுதானே இருக்கிறது. ஆகவே பூட்டைத் திறப்பதும் பழையபடி பூட்டுக்காரர் வேலையே. அவர் முதுகுகளுக்குப் பின்னால் நின்று சாவகாசமாகத் திறந்தார்.

முதலில் மனைவிக்குத்தான் கொஞ்சம் மனத்தாங்கல். "அப்ப நான் மிருகமா?"

"காகிதத்துல மட்டுந்தான்."

"படி ஏற வேணாமே?"

"வேணாம்."

"சரி போகட்டும். முப்பத்தாறு வருஷம் உங்களோட குடித்தனம் பண்ணியாச்சு. இது ஒண்ணும் பெரிசு இல்ல."

பூங்கா ஒரு நல்ல நாளில் திறக்கப்பட்டது. மக்களின் விருப்பப்படியே மூன்று பாதைகள். பழைய இரண்டு வாசலும் நாலாவது தடத்துக்கென்றே பூட்டிக் கிடந்தன; மக்கள் வர டீக்கடைப் பக்கம் புது வாசல் வைத்தார்கள். முதல் பாதை, ஜீப் நின்ற இடத்திலிருந்து கூடாரம் இருந்த இடத்துக்கு. இப்போது ஜீப்பும் இல்லை, கூடாரமும் இல்லை, பாதை மட்டும் இருந்தது. இரண்டாவது டீக்கடைக்கு. மூன்றாவதுதான் அழகு. வளைந்து வளைந்து மேற்குச் சுவர் வரை போய் நின்றது. அங்கே அதிகத் தடங்கள் விழுந்திருந்தபடியால் சுவரைப் பார்த்தாற்போல எட்டுக் கல் பெஞ்சுகள் போட்டிருந்தார்கள். ஜனங்கள் குடும்பத்தோடு வந்து சுவர் வரை நடந்தார்கள். சற்று நேரம் சுவரைப் பார்த்தார்கள். திரும்பினார்கள். பத்து நாளில் பழகிவிட்டது. சுவரைப் பார்த்தால் மனசுக்கு அமைதியாக இருக்கிறது என்று சொல்லவும் ஆள் வந்துவிட்டது.

ஆனால் கூட்டமெல்லாம் நாலாவது தடத்துக்குத்தான். மூன்று கால் மோகம் நகரத்தைப் பிடித்துக்கொண்டது. நாலு கால் நாற்காலி வைத்திருந்தவர்கள் ஒரு காலை அறுத்துவிட்டுச் சுவரோரம் சாய்த்து வைத்தார்கள். டீக்கடைக்காரர் 'முக்கால் டீக்கடை' என்று பலகை மாட்டி, முக்கால் கிளாஸ் டீ கொடுத்தார். தையற்காரர் மூன்று கால் வைத்த பைஜாமா தைத்துத் தொங்கவிட்டார். மூன்றாவது காலுக்குள் விட யாரிடமும் ஒன்றும் இல்லாததால், அதைக் காய்கறிப் பையாகப் பயன்படுத்தலாம் என்றார். நல்லவேளை, அப்படியே விற்றது. பெரிய வீட்டுப் பெண்கள் காலில் ஒரு கோளாறும் இல்லாமலே கைத்தடி ஊன்றி லேசாக இழுத்து நடந்தார்கள். உண்மையில் இழுத்து நடந்த ஒருத்தி திங்கள், புதன், வெள்ளி காலையில் அத்தனை பேர் முதுகுக்கும் பின்னால் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

கெட்ட காலம் நல்ல செய்தியாகத்தான் வந்தது. ஏழாவது மாதம் டாக்டரம்மா முட்டியை மடக்கிப் பார்த்து, நீட்டிப் பார்த்து, முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். "குணமாயிடுச்சு. கைத்தடியைத் தூக்கிப் போடுங்க. இனிமே நீங்க படி ஏறி இறங்கணும், அதுதான் பயிற்சி." அவள் அன்றைக்கே இரும்புப் பாலத்தில் ஏறினாள். நாற்பத்திரண்டு படி. உச்சியில் நின்று மைதானத்தைப் பார்த்து ஒரு பெரிய கும்பிடு போட்டாள்.

மணலில் தடம் நின்றுபோயிற்று. முதல் நாள், உயிரினம் ஓய்வெடுக்கிறது என்றார்கள். இரண்டாம் நாள் பூங்காவில் யாரும் உரக்கப் பேசவில்லை. மூன்றாம் நாள் அவசரக் கூட்டம். அந்த வார முடிவில், பூங்கா அதிகாரி வாழ்க்கையில் முதல்முறையாகப் பின்சந்துக்குள் நடந்து வந்தார். அவருக்குப் பின்னால் நிபுணர், தையற்காரர், டீக்கடைக்காரர், இன்னும் பாதிச் சந்து.

"அம்மா," என்றார் அதிகாரி மிகுந்த பணிவோடு, "கொஞ்சம் நொண்டுங்களேன்."

"எனக்குக் குணமாயிடுச்சுங்க."

"கேள்விப்பட்டோம்மா. எல்லாருக்குமே வருத்தந்தான்."

"நல்ல காலை எதுக்குங்க நான் இழுக்கணும்? இனிமே படி ஏறச் சொல்லியிருக்காங்க. நான் ஏறப் போறேன்."

தையற்காரர் தழுதழுத்தார். "அக்கா, ஒரு இனமே அழிஞ்சு போகுது. நீங்க இவ்வளவு கல்மனசா இருப்பீங்கன்னு நினைக்கல."

பூட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. "யோவ், அது என் பொண்டாட்டின்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்ணே. முதல் நாள்ல இருந்தே தெரியும். ஆனா பார்த்தேன்னு கையெழுத்துப் போட்டுட்டேனே."

யாரும் சிரிக்கவில்லை. கூட்டத்தில் பாதிப் பேர் அப்படி எதிலாவது கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அதிகாரி அவளை விட்டுவிட்டு மெள்ளப் பூட்டுக்காரர் பக்கம் திரும்பினார். ரொம்ப சாதாரணமாக, வெயிலைப் பற்றிப் பேசுவது போலச் சொன்னார்.

"ரெஜிஸ்டர்ல ரெண்டு சாவிதான் இருக்கு பெரியவரே."

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். அன்று சாயங்காலமே பட்டறையில் மனைவி அவருக்கு நொண்டக் கற்றுக்கொடுத்தாள். "வலது காலை இழுங்க. அது இடது. கம்பை ஊனிட்டு அப்புறம் இழுக்கணும். இழுத்துட்டு ஊனினா அது வேற பிராணி." அவளுடைய பழைய செருப்பு அவர் காலுக்குப் பத்தவில்லை. குதிகால் வெளியே தொங்கியது. திங்கட்கிழமை காலை அவர் உள்ளே போனார். மனைவி வெளியே பூட்டினாள். இரும்புப் பாலத்தில் குடுகுடுவென்று ஏறி இறங்கி, அவருக்கு முன்பாகவே மறுபக்கத்தைத் திறந்துவிட்டு நின்றாள்.

நகரம் உயிர் பெற்றது. நிபுணர் மணலை அளந்துவிட்டு ஆனந்தக் கண்ணீர் விட்டார். தடம் முன்னைவிட ஆழம், எட்டி வைத்த தூரமும் அதிகம். ஆகவே இது ஆண். முன்பு வந்தது பெண். ஆகவே இது ஒரு ஜோடி. உடனே இனவிருத்தித் துணைக்குழு அமைந்தது. அடுத்த ஆண்டுத் திட்டத்தில் சின்னத் தடங்கள் எதிர்பார்க்கப்படுவதாக எழுதிச் சேர்த்தார்கள்.

மழையிலும் போனார். காய்ச்சலிலும் போனார். ஒரு வெள்ளிக்கிழமை போகவில்லை. பத்து மணிக்குள் நாலு பேர் வந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒன்றரை வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவர் தன் இரண்டாவது மனுவைக் கோணல் எழுத்தில் எழுதினார். 'ஐயா, என் மனைவியை நடக்க விடும்படி முன்பு கேட்டிருந்தேன். இப்போது என்னை நடக்காமல் இருக்க விடும்படி கேட்டுக்கொள்கிறேன். நான் மனிதன்.'

முதல் மனுவைப் போல இது பரிசீலனையில் படுத்துவிடவில்லை. நாலே நாளில் பதில் வந்தது. 'மேற்படி வழித்தடத்தில் மனிதர் நுழையத் தடை அமலில் இருப்பதால், மனுதாரர் அங்கே நடக்கவில்லை எனத் தெளிவாகிறது. நடக்காத ஒருவரை நடப்பதிலிருந்து விடுவிக்க விதிகளில் இடமில்லை. மனு முடித்துவைக்கப்படுகிறது.'

பதிலை மனைவி படித்துக் காட்டினாள். அவர் எழுந்திருக்கப் போனார். முடியவில்லை. கொஞ்ச நாளாகவே வலது முட்டியில் குடைச்சல் இருந்தது. நல்ல காலை ஒன்றரை வருஷம் இழுத்தால் அதுவும் எவ்வளவு நாள்தான் நல்ல காலாக இருக்கும்? டாக்டரம்மா படம் எடுத்துப் பார்த்துவிட்டுக் கறாராகச் சொன்னார். வாரம் மூன்று நாள் பயிற்சிக்கு வர வேண்டும். நடந்தே வர வேண்டும், சமதரையில் மட்டும். படி ஏறுவது என்ற பேச்சே கூடாது.

அடுத்த திங்கட்கிழமை காலை, தகரத்துக்கு இருபுறமும் வழக்கம்போல நல்ல கூட்டம். அதிகாரி வந்திருந்தார். கண்ணாடியை நெற்றியில் மாட்டிய நிபுணர் வந்திருந்தார். தையற்காரரும் டீக்கடைக்காரரும் முன்வரிசையில் நின்றார்கள். வெளியூரிலிருந்து விடிகாலை வண்டி பிடித்து வந்தவர்களும் இருந்தார்கள். எல்லாரும் பார்க்க வந்தவர்கள். கம்பு ஊன்றும் சத்தம் கேட்டதும் அத்தனை பேரும் பயபக்தியோடு முதுகைத் திருப்பிக்கொண்டார்கள்.

பூட்டுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார். முழுசு, இழுவை, குழி. இந்தத் தடவை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. மறுமுனையில், நாற்பத்திரண்டு படி ஏறி இறங்கி வந்தும் மூச்சு வாங்காமல், மூன்றாவது சாவியைக் கையில் வைத்துக்கொண்டு மனைவி நின்றிருந்தாள்.

"மெதுவா வாங்க," என்றாள். "வெட்கப்படாம வாங்க. யாரும் பார்க்கல."